ஏசிக்குள் படபடத்த சத்தம்

முத்தியால்பேட்டை ஓனரம்மாவை நினைத்தால், அவர் பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்த அந்த வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வருகிறது. அவருடைய வாடகைக் காருக்கு நான்தான் டிரைவர். கோவிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏசிக் காற்றோடு, சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகியதுபோல் ஒரு படபடப்பு கேட்டது.

"இன்னாப்பா சத்தம் அது?"

"தெரியலம்மா."

"உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? சவாரிய எறக்கிட்டு ஏசியப் போட்டுக்கினு தூங்குறியா?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதைவிட, சிறுவயதிலிருந்தே வாய் எழாதவன். பேசாமலிருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தெரிந்தும் பேச்சு வராது. அன்றிலிருந்து நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் ஏசித் துவாரத்தில் கைவைத்துப் பார்ப்பார். பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார். பிறகு என் முகத்தைப் பார்ப்பார். அரியாங்குப்பத்து மெக்கானிக், பானட்டைக்கூடத் திறக்காமல், "கம்ப்ரசர் போச்சும்மா. நின்ன எடத்துலயே ஏசி ஓடினா இப்பிடித்தான்" என்றார். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"திங்கக்கெழம வரிக்கும் பாக்குறேன். அப்புறம் வேற ஆள் வெச்சிக்கிறேன்."

புது கம்ப்ரசரைத் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று எனக்கு மெக்கானிக் மேல் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்தேன். ஏசி பட்டனை அணைத்து, வெறும் காற்றை மட்டும் விட்டேன். சத்தம் நிற்கவில்லை. அப்படியென்றால் கம்ப்ரசர் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தேன், சத்தம் மாறவில்லை. காற்றைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. காற்றைத் தள்ளும் உள்விசிறியில்தான் ஏதோ இருக்கிறது. காதை வைத்துக்கொண்டே போனேன்; சத்தம் இடப்பக்கம், டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது.

அந்தப் பெட்டி நிறைய விபூதி, குங்குமப் பொட்டலங்கள். வெள்ளிதோறும் அம்மா கொடுப்பவை. பிரசாதத்தை எறியக்கூடாது என்று நான் உள்ளே திணித்துக்கொண்டே வந்திருந்தேன். பெட்டியைக் கழற்றினேன். பின்பக்கமாக நழுவிய பொட்டலம் ஒன்று பிரிந்து, அதைச் சுற்றியிருந்த காலண்டர் தாள் விசிறியில் மாட்டி அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, பெட்டிக்குப் பின்னாலிருந்த விசிறியைக் காட்டித் தாளை நீட்டினேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் குடுத்ததுதானா? அப்போ நீ ஏசி போட்டுத் தூங்கல?"

இல்லை என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஏனோ அன்று வாய் திறந்துவிட்டது.

"கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசல்ல வெயில் தாங்கலம்மா. மூணு நாலு வாட்டி போட்டேன்."

"தெரியும். சீட்டு சாஞ்சே கெடக்கும். உன் வாயால வருதான்னுதான் பாத்தேன். போ, சவாரிக்கு நேரமாவுது."

அதன்பிறகு அவரிடம் பல வருடம் ஓட்டினேன். இப்போது எனக்கே ஒரு கார் இருக்கிறது. கண் சரியில்லாததால் வேறொருவர் ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் வண்டி வந்து நின்றதும் என் கண் முதலில் டிரைவர் சீட்டுக்குத்தான் போகிறது. சில நாள் அது சாய்ந்திருக்கிறது. அம்மாவாவது வாய்விட்டுக் கேட்டார். நான் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குள் போய்விடுகிறேன்.