பார்த்தவர் என்று போட்ட என் பெயர்

அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. செங்கம் ரோட்டில் ஒரு காபி கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பஸ் கண்டக்டர்கள் வைத்திருக்கும் டிக்கெட் மெஷினுக்குள் ஓடுகிற அடிப்படை மென்பொருளை, அதாவது கெர்னலை, பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. எனக்குப் பதினோரு வருட அனுபவம். அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். சேர்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

அந்த மாதம், நாங்கள் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரில் புதியதற்கு மாறினோம். நேற்றுவரை ஒழுங்காக இருந்த கெர்னல் பில்ட் ஆகாமல் நின்றது. சி மொழியில் எழுதிய வரிகளுக்கு நடுவே, பிராசஸரிடம் நேரடியாகப் பேசும் அசெம்பிளி வரிகள் சில உண்டு. பழைய கம்பைலர் அவற்றைக் கண்டும் காணாமல் விட்டிருந்தது. புதியது ஒவ்வொன்றுக்கும் எரர் காட்டியது. இதை யார் சரிசெய்கிறாரோ அவரிடமே இனி கெர்னல் பொறுப்பு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தப் பொறுப்புக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்! மூன்று நாள் மல்லுக்கட்டினேன். நாலாம் நாள் காலை, என் டீ ஆறுவதற்குள் அவள் பில்ட் ஆக்கிக் காட்டினாள். நேற்று வந்தவள். சிரித்துக்கொண்டே கைகொடுத்தேன். பாழாய்ப்போன மனசு உள்ளே கொதித்தது.

ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் படித்து, கீழே 'பார்த்தவர்' என்று தன் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். அவளுடையது என்னிடம்தான் வந்தது. ஏதாவது குறை கிடைக்காதா என்றே வரிவரியாகப் படித்தேன். கிடைத்தது. ஓர் இடத்தில், இந்த அசெம்பிளி வரி மெமரியை மாற்றுகிறது என்று கம்பைலருக்குச் சொல்லாமல் விட்டிருந்தாள். சொல்லாவிட்டால் கம்பைலர் பழைய மதிப்பையே நம்பிக்கொண்டிருக்கும். பில்ட் ஆகிவிடும், ஓடும்போது என்றாவது ஒருநாள் ஹேங் ஆகும். நான் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் பௌர்ணமி. சோதனைக்குக் கொடுத்திருந்த மெஷின்கள், கிரிவலக் கூட்டத்தில் நிற்க இடமில்லாத பஸ்ஸுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஹேங் ஆயின. மறுநாள் மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். கெர்னல் பொறுப்பு எனக்கு வந்தது. அக்காவும்தானே பார்த்தாங்க என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அவள் சொல்லவில்லை.

மதியம் லேப்டாப்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுத முகம். தப்பு எங்கே என்று காட்டச் சொன்னாள். என் விரல் தேடாமலே அந்த வரிக்குப் போனது. விட்ட வார்த்தையைச் சேர்த்தபடியே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா. அன்னிக்கு உங்க கண்ணுக்கே தப்பிச்சிடுச்சுன்னா நான் எம்மாத்திரம்? நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

பிறகு, திருத்தத்தின் அடியில் 'தவறைக் கண்டுபிடித்தவர்' என்று என் பெயரை டைப் செய்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கண்டுபிடித்தது நான்தான், அவளுடையது என்னிடம் வந்த அன்றைக்கே.