கூடையில் இறங்கிய குட்டி

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த புதிதில் என்னை மிரட்டியது மாமியாரோ நாத்தனாரோ இல்லை, ஒரு படிக்கட்டு. நாங்கள் குடியிருந்தது ஓர் அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்கு மேலே, மாடியின் பின்பக்க அறையில். தெருவிலிருந்து மேலே வர ஒரே வழி, கடைச் சுவரை ஒட்டிய மரப்படிக்கட்டு. ஏணிக்கு உடன்பிறந்த தங்கச்சி போல் செங்குத்தாக நிற்கும். பிடித்துக்கொள்ள மேலிருந்து கீழ்வரை ஒரு கயிறு தொங்கும். நான் பிறந்து வளர்ந்தது மணலிப் பக்கம், சடையங்குப்பத்தில். அங்கே எல்லாமே தரையோடு தரை. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும், அதைத் தவிர வேறெதுவும் ஏறி நான் பார்த்ததில்லை.

மேலே ஏறுவதாவது எப்படியோ முடிந்துவிடும். இறங்குவதுதான் வம்பு. மேல்படியில் நின்று கீழே பார்த்தால் தலை கிறுகிறுக்கும். அதனால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவேன். கேட்பவர்களிடம் தச்சன் சரியில்லை என்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் வேலை. கப்பலிலிருந்து மூட்டை இறக்கும்போது கீழே நின்று, கிரேன்காரருக்குக் கையைக் காட்டிக் குரல் கொடுப்பார். "ஆரியா!" என்று அவர் கத்தினால் சரக்கு இறங்கும். இறக்கு என்பதற்கு அங்கே அதுதான் சொல். என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, ஒரு பிரம்புக்கூடையில் கயிறு கட்டித் தெருப்பக்கத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார்.

"நீ எறங்க வாணாம்மே. கூடைய எறக்கு, மீனு தானா மேல வரும்" என்றார்.

அன்றிலிருந்து என் குடித்தனமே கூடையில்தான் ஏறியது. நெத்திலி, கீரை, வெற்றிலை, அண்ணாச்சி கடை உளுந்து, எல்லாம். நான் தெருவை மேலிருந்து ஆண்ட மகாராணி.

ஒரு நாள் சாயங்காலம் அவர் தோளில் பையோடு வந்தார். பை தும்மியது. உள்ளே செவலை நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. ஹார்பர் கிடங்கில் சாக்குகளுக்கு நடுவே தனியாகக் கத்திக்கொண்டிருந்ததாம்.

"இது இன்னாத்துக்கு?"

"உனுக்குத்தான். நான் பூட்டா நாள் பூரா யார்கூடப் பேசுவ?"

அவர் சொன்னது நிஜம். அவர் கிளம்பினால் திரும்பும்வரை நான் அடுப்போடும் அம்மியோடும் பேசிக்கொண்டிருந்தேன். அவை பதில் சொல்வதில்லை. இந்தக் குட்டியோ நான் வாயைத் திறந்ததும் ஒரு காதைத் தூக்கி, தலையைச் சாய்த்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பது போல் பார்த்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவர் அதை நைனா என்று கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மறுநாளே அண்ணாச்சி கீழிருந்து குரல் கொடுத்தார். அவர் கடையிலேயே படுத்துக்கொள்கிறவர். மாடியின் முன்னறையை ஊரிலிருந்து வரப்போகும் மனைவிக்காக வெள்ளையடித்து வைத்திருந்தார்.

"ஏம்மா, நாய் வளக்கத நான் வேண்டாங்கல. ஆனா எம் பொஞ்சாதி வாரதுக்குள்ள அது கயித்துல கட்டினா ஒழுங்கா நடக்கணும், தன் கால்ல படி ஏறி எறங்கணும், வெளிக்குத் தெருவுக்குப் போவணும். மாடிய அசிங்கம் பண்ணுச்சுன்னா திருவொற்றியூர் கிட்டங்கிக்குக் கொண்டு போயி எலிக்குக் காவலாக் கட்டிருவேன், பாத்துக்கிடுங்க."

கிட்டங்கி என்று அவர் சொன்னது தன் சரக்குக் கிடங்கை. அந்தக் கிட்டங்கியில் ஆள் அரவமே கிடையாது. என் நைனா யாரைப் பார்த்துத் தலையைச் சாய்க்கும்?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது செய்யாமலே இருந்திருக்கலாம். குட்டி மூலையை முகர ஆரம்பித்தால் உடனே தூக்கிக் கூடைக்குள் வைப்பேன். குதித்துவிடாமல் இருக்க அதன் இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றிக் கூடைப் பிடியில் கட்டுவேன். "ஆரியா!" என்று சொல்லி மெதுவாக இறக்குவேன். கீழே நடைபாதையில் கூடை போட்டு உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மா கயிற்றை அவிழ்த்துவிடுவாள். காரியம் முடிந்ததும் அதுவே வந்து கூடைக்குள் ஏறி உட்காரும். மறுபடி கட்டுவாள், நான் மேலே இழுப்பேன். நைனாவுக்கு இது பிடித்த பிடி இருக்கிறதே! காது இரண்டும் காற்றில் பறக்க, மூக்கைக் கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கவர்னர் மாதிரி இறங்கும். மாடி சுத்தமாக இருந்தது. பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பழைய பெல்ட்டை வெட்டிக் கழுத்துப்பட்டை செய்தார். அதில் ஒரு கயிற்றைக் கட்டினார். கட்டியதுதான் தாமதம், நைனா சட்டென்று உட்கார்ந்தது. இழுத்தார். உட்கார்ந்தபடியே தரையில் வழுக்கிக்கொண்டு வந்தது. தெருவில் கொண்டுபோய் விட்டார். அங்கேயும் அதே கதை. நடுத்தெருவில் பின்பக்கத்தை ஊன்றிக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கிக் காத்திருந்தது. சைக்கிள்காரர்கள் மணியடித்தார்கள். ஒரு கைவண்டி சுற்றிக்கொண்டு போனது. நைனா அசையவில்லை.

"இன்னா இது, குந்திகினு மேல பாக்குது? மழ வருமான்னு பாக்குதா?" என்றார் அவர்.

மீன்காரம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வஞ்சிரம் நழுவியது. "அய்ய, உனுக்குப் புரியலயா? கவுறு கட்னா யாரோ மேல தூக்குவாங்கன்னு குந்திகினு கீது! உம் பொண்டாட்டி பழக்கின பழக்கம்!" அப்புறம் மேலே என்னைப் பார்த்துக் கத்தினாள். "ஏம்மே, நீ படி எறங்குனாத்தானே அது எறங்கும்? நீயே கூடைல வராத கொறதான்!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. விறுக்கென்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் நைனாவை மேல்படியில் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து, நகர்ந்து இறங்கிக் காட்டினேன். நான் ஒரு படி நகர்ந்தேன். அது என்னைப் பார்த்தது. பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு அதுவும் ஒரு படி நகர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியே இரண்டு பேரும் புடைவையும் வாலும் தூசி பெருக்க அடிவரை இறங்கினோம். கீழே அண்ணாச்சி தராசுத் தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். மிளகாய் வாங்க வந்தவர்கள் மிளகாயை மறந்துவிட்டார்கள்.

"கால்லன்னுதானம்மா சொன்னேன்?" என்றார் அண்ணாச்சி பரிதாபமாக. "நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்ச கதையால்லா இருக்கு! எம் பொஞ்சாதி நாளக்கழிச்சு வாரா."

சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே அந்த அம்மாள் வந்துவிட்டார். காலையில் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கையில் கரண்டியோடு அவசர அவசரமாக நைனாவைக் கூடையில் வைத்து இறக்கினேன். கழுத்துப்பட்டையும் கயிறும் பழகட்டும் என்று அவற்றையும் மாட்டியே விட்டிருந்தேன். இடுப்பு முடிச்சைத்தான் சரியாகப் போடவில்லை. கூடை தரையைத் தொடும் நேரத்தில் தெருமுனையில் அவர் வந்த ஜட்கா வண்டி திரும்பியது. நைனா தன் ஆயுளில் குதிரையைக் கண்டதில்லை. முடிச்சு அவிழ, ஒரே பாய்ச்சலாகக் கூடையை விட்டு வெளியே குதித்து, கழுத்துக்கயிறு பின்னால் புரள, சக்கரத்தை நோக்கி ஓடியது.

அப்புறம் நான் செய்தது எனக்கே தெரியாது. அடுத்து நினைவில் இருப்பது, நடுத்தெருவில் நான் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் நைனாவின் கயிறுமாக நின்றதுதான். படிக்கட்டில் எப்படி வந்தேன்? பறந்தேனா? அண்ணாச்சி சத்தியம் செய்கிறார், காலால்தான் வந்தேனாம், பிடிகயிற்றைக்கூடத் தொடவில்லையாம்.

கயிறு இறுகியும் நைனா உட்காரவில்லை. குதிரையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு என்னைத் தரதரவென்று முன்னால் இழுத்தது. யார் யாரை நடத்திப் பழக்கினார்கள் என்று கேட்காதீர்கள். குதிரை ஒரு கனைப்புக் கனைத்தது. அவ்வளவுதான், வீரம் பொலபொலவென்று உதிர, நைனா திரும்பி வீட்டுப் பக்கம் ஓடியது, படிக்கட்டில் நாலுகால் பாய்ச்சலில் ஏறியது, பின்னாலேயே நானும் ஏறினேன். மேலே போய்த்தான் மூச்சு வாங்கினோம். கீழே எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள்.

"ஏறியாச்சு. எறங்கணுமே?" என்றார் அண்ணாச்சி.

கீழே பார்த்தேன். தலை கிறுகிறுத்தது. நைனாவும் கீழே பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, காதைத் தூக்கித் தலையைச் சாய்த்தது. கிட்டங்கி கண்ணுக்கு முன்னால் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கயிற்றைத் தளர்த்திவிட்டு, "ஆரியா!" என்று ஹார்பருக்கே கேட்கும்படி கத்தினேன். நின்றபடி ஒரு படி இறங்கினேன். பின்னால் டக் டக் என்று நகங்களின் சத்தம். இன்னொரு படி. டக் டக். அடியில் வந்து நின்றபோது மீன்காரம்மா விசிலடித்தாள்.

அண்ணாச்சி சிரித்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். "நீ வா, மாடியப் பாரு. வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்."

செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துத் தன் ஊரில் வீட்டு வாசற்படிக்கு மேல் ஒரு படி ஏறி அறியாத அந்த அம்மாள், மரப்படிக்கட்டை அடிமுதல் நுனிவரை பார்த்தார். நிறம் மாறியது.

"ஆத்தாடி! இதுலயா? நான் மாட்டேன். என்னய ஊருக்கே அனுப்பிருங்க."

அண்ணாச்சி திகைத்துப் போனார். எனக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அதோடு அந்த அம்மாள்மேல் ஒரு பாசமும். "அக்கா, கவுத்தப் புடிச்சிக்கினு வா. கீழ பாக்காத, நாய் வாலப் பாத்துகினே வா" என்று சொல்லி நைனாவை முன்னால் விட்டேன். வாலையே பார்த்தபடி ஏறினார் அக்கா. மேலே போனதும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கீழே குரல் கொடுத்தார்.

"ஏங்க, கேட்டுக்கிடுங்க. இந்த நாய எங்கயும் அனுப்பப்படாது. இது முன்னால போனாத்தான் எனக்குக் காலு வருது."

சாயங்காலம் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் படியடியில் அப்படியே நின்றுவிட்டார். மேலிருந்து முதலில் நைனா, நாலு காலில். அதற்குப் பின்னால் நான், இரண்டு காலில். எனக்கும் பின்னால் அண்ணாச்சி வீட்டு அக்கா, உட்கார்ந்தபடி, ஒவ்வொரு படியாக.

"இன்னாமே இது?" என்றார்.

"வழிய வுடு. சரக்கு எறங்குது" என்றேன்.