கழிப்பறைச் சுவரில் என் டிபன் பாக்ஸ்

ஊட்டியில் நான் படித்த கல்லூரியில், பெண்கள் கழிப்பறைக்குள் போனால் எதையாவது வாசிக்காமல் வெளியே வர முடியாது. சுவர் முழுக்க எழுத்து. காதலெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். சாபம் மட்டும் சுத்தத் தமிழில். அரியர் பேப்பருக்காக மாதாவுக்கு ஒரு வேண்டுதல், அதற்குக் கீழே 'படிச்சா பாஸ் ஆகலாம்' என்று எவளோ ஒருத்தியின் புத்திமதி. வகுப்பில் வாயே திறக்காதவர்கள்தான் அங்கே வெளுத்து வாங்கினார்கள் என்று நினைக்கிறேன். யார் என்ன சாதி, யார் வீடு எப்படி என்று வராண்டாவில் யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் அங்கே இருந்தது.

நாங்கள் நான்கு பேர் ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒருத்தி குன்னூர் வாத்தியார் மகள். ஒருத்தி கோத்தகிரிப் பக்கத்துப் படகர் வீட்டுப் பெண். இன்னொருத்தி கூடலூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். நான் நடுவட்டத்தில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். என் அம்மா சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். அவள் சுட்டுக் கொடுக்கும் தேங்காய் ரொட்டிக்கும் தொட்டுக்கொள்ளும் காரச் சம்பலுக்கும் மூன்று பேரும் அடித்துக்கொள்வார்கள். எனக்குப் பெரும்பாலும் அவர்கள் சோறுதான் மிஞ்சும்.

ஒருநாள் சிரிப்புக்காக ஒரு கதை சொன்னேன். எங்கள் லைனுக்குப் பொதுவான தண்ணீர்த் தொட்டியில் தவளை ஒன்று செத்து மிதந்ததையும், அதை யார் எடுப்பது என்று பெரியவர்கள் மல்லுக்கட்டியதையும் நடித்தே காட்டினேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. வெளியே சொல்லிக்கொள்கிற கதையா அது?

மழை பிடித்துக்கொண்ட சமயம். கழிப்பறையில் குழாய்க்கு மேலே புதிதாக ஒரு வரி இருந்தது.

'சிலோன்காரி டிபன்ல கை வைக்காதீங்க. தவளை செத்த தண்ணில சமைச்சது.'

வாசிக்கிறவர்களுக்கு மரியாதை கொடுத்திருந்தாள். எனக்குத்தான் இல்லை. பஸ் போர்டு எழுத்து மாதிரி ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தாள். மூவரில் ஒருத்தி யாரிடமோ சொல்லி, அந்த யாரோ எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் யாரோ என்றால் கையெழுத்தை ஏன் மறைக்க வேண்டும்? என் கண்ணுக்குப் பழகிய எழுத்து என்பதால்தான் மறைத்திருக்கிறாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைத்தேன். மூன்று கைகளும் எப்போதும்போல நீண்டன. ஒருத்தியாவது தயங்குவாள், கண்டுபிடித்துவிடலாம் என்று கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியும் தயங்கவில்லை. எழுதியவளும் என் கண் முன்னால் சம்பலைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

கேட்டிருக்கலாம். ஆனால் யாரைக் கேட்பது? கேட்டால் தப்பே செய்யாத இரண்டு பேரை அவமானப்படுத்தியதாக ஆகும். விடுமுறையில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மழைக்காலத்தில் சுவர் ஊறியதும் அந்த வரி மங்கலாக மேலே வந்தது. படிப்பு முடியும்வரை ஒவ்வொரு மழைக்கும் வந்தது. மற்ற வரிகளும் வந்திருக்கும், என் கண்ணுக்கு அது ஒன்றுதான்.

நாங்கள் பிரியவில்லை. அதுதான் வேடிக்கை. கல்யாணம், பிள்ளைப்பேறு, வாட்ஸ்அப் குரூப் என்று நட்பு வளர்ந்தது. நான் ஊட்டியிலேயே வேலை பார்த்து இங்கேயே தங்கிவிட்டேன். கிறிஸ்துமஸுக்குக் குன்னூர்க்காரி கேக் கொண்டுவந்தால், இது பிரியமா பிராயச்சித்தமா என்று மனசு நோண்டும். அம்மாவின் ஆபரேஷனுக்குக் கோத்தகிரிக்காரி இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். அவளுக்கு நன்றி சொல்லும்போதுகூட அவள் விரல்களைத்தான் பார்த்தேன். யாருடைய அன்பையும் நான் முழுசாக வாங்கிக்கொண்டதில்லை.

போன மழையில் கூடலூர்க்காரி இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மூவரும் சேர்ந்து போனோம். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'எழுதினவள் இவளாகவே இருக்கட்டும்' என்றுதான் தோன்றியது. இவளாக இருந்துவிட்டால் மிச்ச இருவரும் எனக்கே எனக்கு. சாவு வீட்டில் நின்றுகொண்டு அப்படி வேண்டிக்கொண்டேன். அப்புறம்தான், இவளாக இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பாவம் என்று நினைத்து ஓவென்று அழுதேன்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். நடுவட்டம் தாண்டியதும் பாதையைப் பனிமஞ்சு மூடிக்கொண்டது. குன்னூர்க்காரி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கோத்தகிரிக்காரி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனி நாம மூணு பேருதான்டி" என்றாள்.

ஆமாம் என்று அவள் கையை அழுத்தினேன். இவளா அவளா, இன்னும் இரண்டு பேர், என்றது மனசு.