தானாகப் பச்சை பிடித்த மூலை

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போய்விடுகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கதை எழுத வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி எங்கள் ஊர் நூலகத்து அம்மா கேட்டார். தாளில் இருப்பதை வாசித்துவிடுவேன், பலர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். ஒன்று மட்டும் கூச்சமில்லாமல் சொல்வேன்: உங்களுக்குக் கதை எழுத வரும். தெருவில் ஒரு சண்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வரும்.

என் முதல் கதையே சண்டைக் கதைதான். எனக்கும் என் ஓரகத்திக்கும், அதாவது என் கொழுந்தன் மனைவிக்கும், நடந்த சண்டை. அண்ணன் தம்பி வயல் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு வரப்பு. ஒரு புரட்டாசியில் நாங்கள் சம்பா நட்டு நாலாம் நாள், அவள் வளர்த்த வாத்துகள் எங்கள் வயலில் இறங்கி ஒரு மூலையையே துவைத்துவிட்டன. நாற்றெல்லாம் பிடுங்கி மிதந்தது. நான் கேட்கப் போனேன். வாத்து பட்டியை விட்டு வெளியே வரவேயில்லை என்று அவள் சாதித்தாள். தை அறுப்பு வரை எங்களுக்குள் பேச்சில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ அறுப்பு ஆகிவிட்டது. போன கோடையில்தான் அதைக் கதையாக எழுதினேன். நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதாக ஏற்பாடு. எப்படியோ அது அவள் காதுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை மதியமே வந்துவிட்டாள்.

"என்னைப் பத்தி எழுதியிருக்கீங்களாமே. படிங்க, கேப்போம்."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. இப்போது நாங்கள் இருவருமே தனியாட்கள். பிள்ளைகள் வெளியூரில். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொண்டுவருவது அவள்தான். ஒரு கதைக்காக அவளை இழந்துவிடுவேனோ என்று பயம். இருந்தாலும் படித்தேன்.

கதையில் அவள் என்னைப் பார்த்து, "இனி என் இல்லத்தில் உன் பாதம் படக்கூடாது" என்பாள். அங்கேயே நிறுத்தினாள்.

"இல்லமா? மாட்டுக்கொட்டாயில சாணி அள்ளிக்கிட்டு நின்னவ, இல்லம்னா சொன்னேன்?"

"கதைன்னா அப்படித்தாண்டி எழுதணும்."

"அப்ப அது வேற யாரோ. நானில்ல."

"பின்ன என்ன சொன்னே?"

"'போக்கா, நீயும் ஒன் வயலும்'னு சொன்னேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

உடனே அந்தக் குரல் என் காதில் விழுந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றவள், அன்று ஒருநாள்தான் 'நீ' என்றாள். சண்டை முழுக்க அந்த ஒற்றை எழுத்தில் இருந்தது. நான் அதை விட்டுவிட்டு இல்லத்தையும் பாதத்தையும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். கதையில் ஒருவரைப் பேசவைக்கும் முன் அவர் எங்கே நிற்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். சாணிக்கூடை கையில் இருந்தால் இல்லம் வாயில் வராது.

மேலே படித்தேன். வாத்து அழித்த மூலை பத்தே நாளில் தானாகப் பச்சை பிடித்தது, தெய்வம் என் பக்கம் நின்றது என்று கதையை முடித்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த வரி. மூன்று முறை அடித்து அடித்து எழுதியது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்து போய்விடுவாள், இனி வரமாட்டாள் என்று நினைத்தேன்.

"ஏங்க்கா, காலமெல்லாம் நடவு நட்டவங்கதானே நீங்க? பிடுங்கி மெதந்த நாத்து தானா எப்படிப் பொழைக்கும்?"

"பொழைச்சுதே."

"பொழைக்கல. நட்டது நானு. நீங்க ஒங்க அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தீங்கள்ல, அன்னிக்கு. நாத்தங்கால்ல மிச்சம் கெடந்ததை எடுத்து நட்டுட்டு வந்தேன்."

"இத்தனை வருஷமா ஏண்டி சொல்லல?"

"சொன்னா எங்க வாத்துதான் மேஞ்சுதுன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடுமே!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. வேர் போன நாற்று பிழைக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் மேல் இருந்த கோபம் அந்த மூலையை உற்றுப் பார்க்கவிடவில்லை. கதை எழுத உட்கார்ந்தபோதும் அதே கோபத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன். உங்கள் கதையில் 'தானாக' என்று ஒரு சொல் வந்தால் அங்கே நின்றுவிடுங்கள். தானாக மனம் மாறினான், தானாகக் காரியம் கூடியது என்று எழுதுகிற இடத்தில், நீங்கள் பார்க்காத யாரோ குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், உங்களுக்கு யார் மேல் கோபமோ அவரிடமே படித்துக் காட்டுங்கள். பயமாகத்தான் இருக்கும். படியுங்கள்.

அன்று சாயங்காலமே திருத்தினேன். முழுக் கதையையும் கிழிக்கவில்லை. நாற்று போன இடத்தில்தானே திரும்ப நடுவோம், அதற்காக வயலையே உழுதுவிடுவோமா? இல்லம் வந்த இடத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். 'போக்கா' வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவளிடம், "அது நாந்தான்" என்றாள்.

ஒரே ஒரு சந்தேகம். கதையில் வாத்து பதினொன்று என்று எழுதியிருக்கிறேன், அவள் ஒன்பது என்கிறாள். காதுகுத்து புரட்டாசியிலேயா, ஐப்பசி பிறந்தா என்றும் எனக்கு நிச்சயமில்லை. நூலகத்து அம்மா அந்தக் கதையை அச்சுக்கு அனுப்புமுன் யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். நானே போய்க் கேட்கலாம். ஆனால் நான் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாத்து குறைகிறது.