பிடரி பார்க்கும் அண்ணன்

சலூன் வைத்திருக்கும் கத்திரி அண்ணன் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்குப் பின்னால் போய் நின்று பிடரியைத்தான் பார்க்கிறார். "இடது காதுக்கு மேல எலி கடிச்சிருக்கு. வீட்டுல வெட்டினதுதானே?" என்பார். முன்பின் தெரியாதவர்கூடச் சட்டென்று தலையைக் கையால் மூடிக்கொள்வார்.

தொற்றுக்காலத்தில் வந்த பழக்கம் இது. சலூன்களின் ஷட்டர் இறங்கியதும் வீட்டுக்கு வீடு ஒரு கத்திரி கிளம்பிவிட்டது. மறுபடி கடை திறந்த அன்று வாசலில் வந்து நின்ற தலைகளைப் பார்த்து அண்ணனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "நோயை விட இதுதாங்க பெரிய சேதாரம்" என்றார்.

ஆனால் இரண்டாவது நாற்காலிக்கு ஆள் திரும்பவில்லை. அங்கே வேலை பார்த்த மச்சான், கடை மூடிக் கிடந்த மாதங்களில் பார்சல் கொடுக்கும் வண்டியில் ஏறியவர், இறங்கவே இல்லை. காத்திருந்து சலித்தவர்கள் எழுந்து எதிர்ப்புறத்துக் கண்ணாடிக் கதவு சலூனுக்குள் நுழையும்போதெல்லாம் அண்ணனின் நெஞ்சுக்குள் யாரோ மெஷின் ஓட்டுவது போலிருக்கும். "ஒத்தக் கையால ஒப்பேத்த முடியல. இப்படியே போனா போர்டை நானே கழட்டி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாப்பில் ஒரு பிடரி அவரை மலைக்க வைத்தது. வழித்து இறக்கிய நேர்த்தியில் ஒரு பிசிறு இல்லை. டிராவல்ஸ் ஆபீஸ் சாருடைய பிடரி அது. ஊர் போக்குவரத்தெல்லாம் நின்றபோது வேலையை இழந்தவர். அதோடு சலூன் பக்கம் வருவதையும் விட்டவர்.

"எந்தக் கடை சார்?"

"கடையெல்லாம் இல்லண்ணே."

"மறைக்காதீங்க. கண்ணாடிக் கடையில இந்தக் கை கிடையாது. எட்டிப் பார்த்துட்டேன்."

சாரின் காது சிவந்தது. "எங்க வீட்டுலதான். என் சம்சாரம்தான் வெட்டுறா. எங்க மாடியில இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் அவதான். உங்க பொழப்புல மண்ணைப் போடுறோம்னு நினைப்பீங்களேன்னு இந்தப் பக்கமே வரல."

"நல்லா இருக்கு நியாயம். ஆளைக் காணோம்னு நான் இங்க தவிக்கிறேன், நீங்க வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க. நாளைக்குத் தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் அந்தத் தங்கை, புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு கணவருக்குப் பின்னால் வாசலில் நின்றாள். பெஞ்சில் காத்திருந்தவர்களின் செய்தித்தாள்கள் ஒன்றுபோல உயர்ந்து முகங்களை மறைத்தன.

"எனக்கொண்ணும் அவசரமில்ல. நான் அண்ணன்கிட்டயே வெட்டிக்கிறேன்" என்றது ஒரு தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கும்தான்" என்றது அடுத்தது.

அவள் முகம் வாடியது. "ஆம்பளைங்க கடையில யாருண்ணே என்கிட்ட தலையைக் கொடுப்பாங்க? நாங்க வர்றோம்ண்ணே."

அண்ணன் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். கொடியில் கிடந்த துணியை உதறித் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டார். காலி நாற்காலியில் போய் உட்கார்ந்து, தன் கத்திரியை அவள் கையில் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துத் தலையைக் குனிந்தார்.