ஸோபிராத்தாவின் முப்பத்தைந்து நிமிடம்

மாலத்தீவில், மாலே விமான நிலையத்திலிருந்து பத்து நிமிட வண்டித் தூரத்தில் இருக்கிறது எங்கள் மீன்கூடம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே மூக்கு நுனி மரத்துப்போகும். அதனால் தீவுக்குள் கம்பளித் தொப்பியோடு திரிகிற கூட்டம் நாங்கள். அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஸோபிரா. தெற்கே லாமு பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து, இருபத்தேழு வயதில், இரண்டாவது புருஷனை உதறிவிட்டு ஒரே ஒரு பையோடு வந்தவர். மூன்றாவது வேண்டாமா என்று யாராவது வாயைக் கொடுத்தால், "நாள் முழுக்க இங்க குளுர்ல நிக்கிறேன், வீட்டுக்குப் போயும் ஒரு ஐஸ்கட்டியா?" என்பார். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா, அதாவது ஸோபிராத்தா. சுருக்கமாக, ராத்தா.

நான் தூத்துக்குடிக்காரன். பதினாறு வருஷமாக இந்தக் கூடத்தில் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டுகிறேன். சூரிக், சூரிக் என்று ஒட்டி விரல் தேய்ந்ததே தவிர, அந்த ஊர் வடக்கா தெற்கா என்றுகூட எனக்குத் தெரியாது.

தோணியில் வந்த சூரை மீன், தோலுரிந்து துண்டாகி ராத்தாவின் மேசைக்கு வரும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் புறங்கையை அதன்மேல் வைப்பார். "இது ஒண்ணு. இது ரெண்டு. இதைத் திரும்ப ஐஸ்ல போடு" என்பார். கருவியைக் குத்திப் பார்த்தால் அவர் சொன்ன டிகிரிதான் காட்டும். நுரைப்பெட்டி, மேலும் கீழும் குளிர்ப்பை, நடுவில் மீன். அன்றைக்கே அது விமானத்தின் வயிற்றில் ஏறிவிடும். மேலே வெயிலில் வெந்து சிவந்த வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்புவார்கள். கீழே எங்கள் சூரை குளுகுளுவென்று கூடவே போகும். நான் சொல்லப்போகிற நாள்வரை, இருபத்திரண்டு வருஷத்தில் ராத்தா கட்டிய பெட்டி ஒன்றுகூடக் கெட்ட பெயர் வாங்கியதில்லை. அதை அவராகச் சொல்லிக்கொள்ள மாட்டார்; நாங்கள் சொன்னால் தடுக்கவும் மாட்டார்.

ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி போகும். வழியெல்லாம் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொண்டே போய், வாங்குகிறவரிடம் ஒப்பிக்கும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் கோள்சொல்லி. பச்சை விளக்கு எரிகிறவரை அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் அது குறிக்கத் தொடங்கும். இரண்டு அடுக்குக் கையுறையோடு அது நடக்காது. கழற்றினாலோ மறுபடி கைகழுவி, மருந்துத் தண்ணீரில் முக்கி, புதிது மாட்ட வேண்டும். அதனால் டீ நேரம் முடியும்போது, வெளியே டீக் கொட்டகையிலேயே ராத்தா பொத்தானை அழுத்திவிடுவார். எழுந்த கையோடு போய்ப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். சட்டப்படி தப்புதான். ஆனால் ஒரு நிமிஷ வேலை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று விமானம் தாமதம் என்று தகவல் வந்திருந்தது. ராத்தா பொத்தானை அழுத்தி எழப்போன நேரத்தில் லுத்ஃபி வந்து உட்கார்ந்தான். எங்கள் குளிர்வண்டி ஓட்டுநர். பெட்டிகளை விமானத்தடியில் இறக்கி, அவை ஏறுகிறவரை வெள்ளிப் போர்வையால் மூடிக் காவல் நிற்பது அவன் வேலை. நிற்பானா? டீ எங்கே கிடைக்கும் என்று அவன் காலுக்கே தெரியும். அதற்காக இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை வாங்கியவன். வாயைத் திறந்தால் மட்டும் கொட்டகையே குலுங்கும்.

"ராத்தா, கேளுங்க. என் மாமியா பக்கத்துத் தீவுக் கல்யாணத்துக்குப் படகேறுனாங்க. ஏறுனதும் தூக்கம். எறங்குனாங்க, நேரா பந்தலுக்குப் போனாங்க, மீன்சோறு சாப்பிட்டாங்க, பொண்ணுக்கு நாலு புத்தி சொல்லிட்டு வந்துட்டாங்க."

"நல்லதுதானே?"

"அது வேற தீவு ராத்தா. வேற கல்யாணம். பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்குச் சொந்தம்னு நினைச்சிருக்காங்க, மாப்பிள்ளை வீட்டுல பொண்ணுக்குச் சொந்தம்னு. போன வாரம் பிள்ளை பொறந்திருக்கு. பேர் வைக்க மாமியாவுக்கு ஆள் அனுப்பியிருக்காங்க."

ராத்தா தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். லுத்ஃபி அடுத்த கதையை எடுத்தான். இன்னொரு சுற்று டீ வந்தது, சூடாக மீன் உருண்டை வந்தது. கோள்சொல்லி மேசைமேல் பச்சையாக மினுங்கிக்கொண்டு கிடந்தது; கதை சுவாரஸ்யத்தில் லுத்ஃபி அதைக் கவனிக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ராத்தா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மீன் அதுவரை ஐஸில் பத்திரமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் சூரிக்கிலிருந்து கடிதம் வந்தது. இருபத்தொன்பது டிகிரியில் முப்பத்தைந்து நிமிடம் என்று கோள்சொல்லி சொல்லிவிட்டது; எந்த நேரத்தில் என்று கடிதத்தில் இல்லை. ஆயிரத்து இருநூறு கிலோ நல்ல சூரையைக் கொட்டி அழித்துவிட்டார்கள். யாரால் நடந்தது என்று எழுதிக் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இனி வாங்கமாட்டார்களாம்.

ஐஸ் வைத்து மூடிய பெட்டி அரைமணி வெயிலில் கிடந்தாலும் உள்ளே இருபத்தொன்பதுக்கு ஏறாது. உள்ளே பெட்டி கட்டுகிற எங்களுக்கு அது தெரியும், வெளியே வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. மேலாளர் நஸீஹுக்கும் தெரியாது. அவர் கணினி படித்துவிட்டு வந்தவர், மீனைத் தட்டில் மட்டும் பார்த்தவர்.

"ராத்தா கட்டுன பெட்டி. அதுல தப்பு வராது. அப்புறம் யாரு? டீக்குப் போனவன்தான்" என்று சொல்லி அன்றே லுத்ஃபியை வேலையிலிருந்து நிறுத்தினார்.

ராத்தா அங்கேதான் நின்றார். கேட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போனார். கூடத்துக்குத் திரும்பியதும் மெதுவாக, "ராத்தா, அன்னிக்குக் கொட்டகையில..." என்று ஆரம்பித்தேன்.

"சீட்டை ஒட்டு" என்றார்.

இரண்டு நாள் அப்படியே போனது. ராத்தா மீன்மேல் கை வைத்தார், ஆனால் டிகிரி சொல்லவில்லை. கருவியால் அளந்துகொள்ளச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் சுமந்த பெயரை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் நாள் வண்டிச் சாவியைக் கொடுக்க லுத்ஃபி வந்தான். முகம் சவரம் காணவில்லை.

"மேலாளர்கிட்ட என்னடா சொன்ன?" என்று கேட்டார் ராத்தா.

"ஒத்துக்கிட்டேன் ராத்தா. கையெழுத்தும் போட்டுட்டேன்."

"எதை ஒத்துக்கிட்ட?"

"மொதல்ல இல்லன்னுதான் சண்டை போட்டேன். அன்னிக்குப் பெட்டியை விட்டு நகரலன்னு ஞாபகம். அப்புறம் வீட்டுல படுத்து யோசிச்சேன். நீங்க கட்டுன பெட்டி. உங்க பெட்டில தப்பு வருமா? அப்போ நான்தானே போயிருக்கணும்? போர்வை காத்துல தூக்கிருக்கும். பொண்டாட்டியும் அதான் சொல்றா."

ராத்தா கையுறையைக்கூடக் கழற்றாமல் நேராக நஸீஹின் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போய் வாசலில் நின்றேன்.

"கடிதம் போயிருச்சா?"

"நாளைக்குத்தான்."

"கிழிங்க. நான்தான் செஞ்சேன்." கொட்டகை, பொத்தான், இரண்டாவது டீ, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

நஸீஹ் குரலைத் தாழ்த்தினார். "விடுங்க ராத்தா. அவன் எப்படியும் ஒருநாள் போறவன். உங்க பேரை எழுதுனா அவங்க நம்மள நம்புவாங்களா?"

"அவன் போறவன்னா, அவன் செஞ்சதுக்குப் போகட்டும். நான் செஞ்சதுக்கு எதுக்குப் போகணும்?"

அந்த மேசையிலேயே உட்கார்ந்து அவரே எழுதினார். ஈரக் கையுறையைக் கழற்றி, கையெழுத்துப் போட்டார். சூரிக்காரர்கள் தொடர்ந்து வாங்கச் சம்மதித்தார்கள்; ஆனால் அந்தப் பெண்மணி இனி எங்கள் பெட்டியைத் தொடக்கூடாது என்றார்கள். ராத்தா பின்கட்டில் குளிர்ப்பைக்குத் தண்ணீர் நிரப்புகிற வேலைக்குப் போனார். லுத்ஃபிக்குச் சாவி திரும்பக் கிடைத்தது.

அவன் வந்த அன்று ராத்தா வண்டியருகே போனார். "திட்டுறதா இருந்தா திட்டிருடா" என்றார்.

லுத்ஃபி சிரிக்கவில்லை. "வேலை போனதுகூடப் பரவால்ல ராத்தா. ரெண்டு நாளா நான்தான் செஞ்சேன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டு இருந்தேன். சொல்லிச் சொல்லி, செய்யாதது எனக்கு ஞாபகம் வந்திருச்சு. போர்வை தூக்குறது, நான் டீயோட தூரத்துல நிக்கிறது. இப்பவும் கண்ணுல தெரியுது. இதை எப்படி எடுக்கிறது?"

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அதன்பிறகு பல மாதம் ராத்தாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அதைத் தனக்கு வரவேண்டியதாகவே எடுத்துக்கொண்டார், யாரிடமும் குறைப்பட்டதில்லை.

என்னோடு மட்டும் லுத்ஃபி பழையபடியே பேசுகிறான், தோளில் கை போட்டுக்கொள்கிறான். அன்று மேசைமேல் கோள்சொல்லி மினுங்கியதை நானும் பார்த்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. ராத்தா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு நான்கு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை.