மாப்பிள்ளை போட்ட முடிச்சு

என் தங்கச்சி புருஷனுக்கு லாரி ஸ்டாண்டில் பெயர் சாரணர். பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் இருந்ததை ஐம்பதை நெருங்கியும் சொல்லிக்கொண்டே திரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் பிழைப்பு. வண்டி ஓட்டுவது நான், கயிறு கட்டுவது மாப்பிள்ளை. கட்டும்போது, "வலது மேல இடது, இடது மேல வலது" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். அப்படியும் அடிக்கடி யாராவது ஒருவருடைய மெத்தை நடுரோட்டில் படுத்துத் தூங்கும்.

"சாரணர் படையில பெரிய மாஸ்டர் என் முடிச்சைக் காட்டித்தான் மத்தவனுக்குச் சொல்லிக்குடுப்பாரு" என்று ஒரு நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தார். தங்கச்சி தட்டை டொம்மென்று வைத்தாள்.

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. அந்த மாஸ்டருங்கள்ல ஒருத்தராச்சும் உங்கள யாருன்னு அடையாளம் சொல்லட்டும். அப்புறம் நான் வாயே திறக்கல."

மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே தேட ஆரம்பித்துவிட்டார். வண்டியும் என்னுடையது, டீசலும் என்னுடையது.

முதலில் அகப்பட்டது சின்ன மாஸ்டர். செருப்புக்கடை வைத்திருந்தார். மாப்பிள்ளை விறைப்பாக நின்று, மூன்று விரலை நெற்றியில் வைத்து சல்யூட் அடித்து, இடது கையை நீட்டினார். சாரணர்கள் இடது கையைத்தான் குலுக்குவார்களாம். சின்ன மாஸ்டர் கையையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"ஒம்போதா, பத்தா?"

"சார், நான் உங்க சாரணர் படை..."

"அட, அதுவா! கேம்ப்னா கிளாஸ் எடுக்க வேணாமேன்னு வந்தேன்பா. தோலு வேணுமா, ரப்பரா?"

பெரிய மாஸ்டர் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு, ஒரு ஜோடி ரப்பர் செருப்போடு வெளியே வந்தோம்.

"மாப்ளே, போதும், விட்டுடுங்க."

"இவருக்கு அப்பவே ஞாபகசக்தி கம்மி மச்சான். பெரியவரு அப்படியில்ல."

பெரிய மாஸ்டர் இஸ்திரி கலையாத சட்டையோடு வாசலுக்கு வந்தார். இடது கையைச் சரியாகக் குலுக்கினார். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

"எந்த அணி?"

"புலி அணி சார்!"

"அதுல நிறைய பேர் இருந்தாங்களே."

மாப்பிள்ளை கேம்ப் போட்ட காட்டைச் சொன்னார், பாடிய பாட்டைப் பாடினார். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், இல்லை என்றுதான். மாப்பிள்ளை முகம் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. எனக்கு அவ்வளவு லேசில் பாவமாக இருக்காது.

"சார், ஒரு நிமிஷம் வண்டி வரைக்கும் வாங்க. என் முடிச்சைப் பாருங்க. அப்பவாச்சும் தெரியுதான்னு பாக்கலாம்."

வண்டியில் யாரோ ஒருவர் வீட்டுச் சாமான் உச்சிவரை இருந்தது. கட்டிய கயிற்றை அவிழ்த்து, வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லி, மூச்சைப் பிடித்து முடிச்சுப் போட்டார்.

"இழுங்க சார்!"

பெரியவர் ஒற்றை விரலால்தான் இழுத்தார். கயிறு வழுக்கிக்கொண்டு போனது. தார்ப்பாய் சரிந்தது. அதன் பின்னால் ஒரு மெத்தை நிதானமாக இறங்கி வந்து பெரியவரை மூடியது.

மெத்தைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"டேய்! வாய் சரியாச் சொல்லும், கை தப்பாக் கட்டும்... நீயாடா அது!"

வெளியே இழுத்துப்போட்டோம். பெரியவர் தலைமுடி கலைந்திருந்தது, ஞாபகம் தெளிந்திருந்தது. "கேம்பைப் பாக்க வந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டர் தலையில கூடாரத்தை இறக்குனவன்ல நீ! ரெண்டு தடவையும் வலதையேதானேடா மேல போடுற! உன்னை அன்னைக்கே கயித்தைத் தொடாதேன்னு தண்ணி தூக்க அனுப்பினேனே!"

மாப்பிள்ளை விறைப்பாக நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. "ஞாபகம் இருக்கா சார்?"

"உன்னை எப்படிடா மறப்பேன்?"

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "'உன்னை எப்படிடா மறப்பேன்'னு கேட்டாருடி! உங்க அண்ணனையே கேளு."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஆமாம்மா. அப்படியேதான் சொன்னாரு."

தங்கச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளைதான் அன்றிலிருந்து மூடவில்லை.